எதிரணியில் அக்கா

“கூடப் பிறந்தவளே என் தலையில மண்ணை வாரிப் போடுறா. நல்லா இரு, அக்கா!”

ஒர்சோலா அழுகையை அடக்கவே இல்லை. லவீனியா கண்ணாடி முன் நின்று கழுத்துச் சரிகையை நிதானமாகச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“விசிறியை எடு. நேரமாச்சு.”

“பொம்பளைங்களுக்குப் படிப்பு ஏறாதுன்னு நீயா போய்ப் பேசணும்? ஊர்ல ஆம்பிளைங்களே இல்லையா?”

“பிரபு தெர்சாகி என்னைத்தானே கூப்பிட்டார்?”

“கூப்பிடாம? பொண்ணை வெச்சே பொண்ணு கண்ணைக் குத்தினா அவருக்கு வசதி!”

இத்தாலியின் பாதுவா நகரத்தில், தூங்காதோர் கழகம் என்னும் அறிஞர் சபையில் வானசாஸ்திரப் பாடம் நடக்கிறது. பெயர்தான் தூங்காதோர், மதியத்துக்கு மேல் பாதிப் பேர் குறட்டை. அந்தப் பாடத்தில் பெண்களையும் உட்கார விடலாமா என்று இன்று விவாதம், அப்புறம் வாக்கெடுப்பு. கூடாது என்னும் அணிக்குப் பிரபு தெர்சாகிதான் தலைவர். அனுமதி கேட்டு மனுப் போட்டவளே ஒர்சோலாதான். தோற்றால், வீட்டில் பார்த்துவைத்திருக்கும் பட்டு வியாபாரிக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

பெண்கள் பக்கம் பேச முதலில் எழுந்தார் பாதிரியார் வித்தாலே. தங்கமான மனிதர். ஆனால் தாளைப் பார்த்தே படித்தார். தாளையும் மாற்றி அடுக்கி வைத்திருந்தார். முன்வரிசை கொட்டாவி விட்டது. பார்வையாளர் மாடத்தில் ஒர்சோலா கைக்குட்டையைத் தேடினாள்.

அடுத்து லவீனியா. கையில் துண்டுச் சீட்டுகூட இல்லை.

“பெரியோர்களே, பெண்ணுக்கு நினைவாற்றல் கிடையாது” என்று ஆரம்பித்து, அதற்கு ஆதாரமாகப் பழைய ரோமாபுரி அறிஞர்களின் வாக்கியங்களை லத்தீனில் மடமடவென்று ஒப்பித்தாள். “பெண்ணுக்குத் தர்க்கம் வராது” என்று சொல்லி, வித்தாலேயின் வாதத்தை முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக் காட்டினாள். “பெண்ணால் சபையில் பதறாமல் நிற்க முடியாது” என்றபோது ஒரு பேராசிரியர் குறுக்கே பாய்ந்து மடக்கினார். அவள் புன்னகையோடு கொடுத்த பதிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பிரபு தெர்சாகிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. துள்ளி எழுந்தார்.

“அடடா! இந்த மண்டபத்துல எந்த ஆம்பிளையும் இப்படிப் பேசினதில்லை!”

மண்டபமே கொல்லென்று சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்திருந்த ஒர்சோலாவுக்கும் புரியவில்லை.

வாக்குப் பெட்டி சுற்றி வந்தது. பெண்கள் வரலாம் என்றால் வெள்ளைக் குண்டு, கூடாது என்றால் கறுப்பு. கழகத் தலைவர் பெட்டியைக் கவிழ்த்தார். மேசை முழுக்க வெள்ளை, நடுவே ஒரே ஒரு கறுப்பு.

“அதெப்படி? நம்ம பேச்சுக்கு மேல ஒரு பேச்சு உண்டா?” என்று பிரபு கத்திக்கொண்டே இருந்தார்.

ஒர்சோலா படியிறங்கி ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

“அடிப்பாவி! இதுக்குத்தானா? என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே! எத்தனை நாள் அழுதேன்!”

லவீனியா விசிறியை மடக்கினாள்.

“பொண்ணுங்க படிக்கலாம்னு பேச வந்திருந்தா வாசல்லயே நிறுத்தியிருப்பாங்கடி, படிக்கக் கூடாதுன்னு பேசத்தான் நம்மளை மேடையில ஏத்துவாங்க. போன வாரம் வீட்டுக்கு வந்த பிரபு, நீ குமுறிக் குமுறி அழுததைப் பார்த்துத்தான் என்னை முழுசா நம்பினார்.”