மூன்றாம் தடவைப் புகை

“அப்பாகிட்ட எப்பதான் கேப்பீங்க?” என்று போன வாரம் மேனகா கேட்டிருந்தாள்.

“அடுத்த தடவை உங்க வீட்டுக்கு வர்றப்ப கட்டாயம் கேட்டுர்றேன்” என்று பிரதீபன் சொல்லியிருந்தான். ஒரு வருடமாக அவன் சொல்லிவரும் பதில் அது.

இன்று பல்லேபொலயில் அவள் வீட்டு முற்றத்தில்தான் நின்றான். மிளகு மூட்டை ஏற்றும் பழைய நாலு சக்கர பைக் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது.

“ஒரே மாசத்துல மூணு தடவை! நீயெல்லாம் என்ன மெக்கானிக், தம்பி?” என்றார் மேனகாவின் அப்பா காளிமுத்து.

பிரதீபனுக்குச் சுருக்கென்றது. முதல் தடவை ஏர் ஃபில்டருக்குள் பழந்துணி அடைத்திருந்தது. அடுத்த தடவை சோக் கம்பி இழுத்தபடியே சிக்கியிருந்தது. இரண்டையும் அவன்தானே சரிசெய்தான்? இன்று ப்ளக்கைக் கழற்றினால் ஒரே கரி. கார்புரேட்டரைப் பிரித்து, உள்ளே பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்து அதன் இலக்கத்தைப் படித்தான்.

“ஐயா, என் வேலையில பிழையில்ல. இது பெரிய ஜெட், பெட்ரோல் கூடப் போகுது. தொழில் தெரிஞ்ச யாரோ வேணும்னே மாத்தியிருக்காங்க.”

காளிமுத்து சட்டைப் பையிலிருந்து பழைய ஜெட்டை எடுத்து நீட்டினார்.

“முப்பது வருசம் லொறி கராஜ்ல இருந்தவன் நான். மூணு பழுது வச்சேன், மூணையும் பிடிச்சிட்ட. பெருமையாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் கேக்க வந்ததக் கேக்காமலே போயிர்ற. பொண்ணப் பெத்தவன் நானாவா வந்து கேக்க முடியும்? இன்னும் எதத்தான் கெடுக்கிறது, சொல்லு!”

பிரதீபன் கரிக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

“மாமா, மேனகாவ எனக்குக் கட்டிக் குடுங்க.”