கரடி வாங்கிய இரட்டை வண்டி

ஒரு காட்டில் கரடி ஒன்று இருந்தது. தன் இரண்டு குட்டிகளையும் முதுகில் சுமந்தே திரிந்ததில் அதற்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஓடையோ வற்றிவிட்டது, மலைக்கு அந்தப் பக்கம் குடிபோயே ஆகவேண்டும். அதனால் தள்ளுவண்டி விற்கும் முள்ளம்பன்றியிடம் போனது.

"இந்த அகல வண்டியில் குட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம், சண்டை வராது. ஆனால் பாறை இடுக்கில் நுழையாது. அதோ, அந்த நீள வண்டி எங்கேயும் நுழையும். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் உட்காரணும்" என்றது முள்ளம்பன்றி.

போகிற வழியெல்லாம் பாறை இடுக்கு. கரடி நீள வண்டியை எடுத்தது.

"நான்தான் முன்னால!" என்று அக்கா குட்டி ஏறியது. "நான்தான்!" என்று தம்பி அதன் காதைக் கடித்தது. யாரைப் பின்னால் வைத்தாலும் அம்மாவுக்குத் தன்மேல் பாசமில்லை என்று நினைக்குமே என்று கரடி தவித்தது. கடைசியில் அக்காவையே முன்னால் விட்டது. தம்பி விடாமல் அழுதது.

மலையின் இருட்டான இடுக்கில் நுழைந்ததும் எங்கோ புலி உறுமியது. அக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தது. தம்பியின் தலை மறைத்ததில் அம்மாவின் முகம் தெரியவில்லை.

"டேய், நானும் அங்கே வரட்டுமா?"

தம்பி அழுகையை நிறுத்திவிட்டு ஒடுங்கி உட்கார்ந்து இடம் விட்டது.

கரடி வண்டியைத் தள்ளியது. மலையைத் தாண்டும்வரை முன் இருக்கை காலியாகவே போனது.