ஓட வராதவள்

"அன்வென் இன்னும் வரலையா?"

டெலித் இதை எத்தனையாவது தடவை கேட்கிறாள் என்பது கூட வேலை பார்க்கும் ஹியூவுக்கே மறந்துவிட்டது.

"போனை எடுக்க மாட்டேங்குறா, டெலித்."

வேல்ஸில் உள்ள லாண்டுட்னோ ஊரின் கடற்கரைச் சாலை முழுக்க மஞ்சள் பனியன்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்ற கர்ப்பப்பை நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஊரே கூடி ஓடும் ஓட்டம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அதை யாரும் சட்டை செய்யவில்லை.

டெலித்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் ஆபீஸின் முதலாளி லேசில் காசை அவிழ்க்கிற ஆள் இல்லை. மாதக்கணக்கில் நச்சரித்து அவரிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். ஆபீஸ் ஆட்கள் ஒருவர் விடாமல் ஓடி முடித்தால், அவர்கள் வசூலித்த தொகைக்குச் சமமாக அவரும் போடுவார். ஒரு தலை குறைந்தாலும் ஒரு பென்னி கிடையாது.

அந்த ஒரு தலையைத்தான் காணோம்.

"நேத்து ஆபீஸ்ல நிதிக்காகக் கேக் வித்தப்ப சிரிச்சுக்கிட்டுத்தானே நின்னா?"

"ஆமா. ரெண்டு கேக் துண்டை என் தலையிலயே கட்டிட்டா," என்றார் ஹியூ.

"போன மாசம் மீட்டிங் நடுவுல எழுந்து போனா. அதுக்கு முந்தின மாசம் லீவு. நாலு பேர் சேர்ந்து செய்யுற காரியம்னா இவளுக்கு மட்டும் ஏதாவது வந்துடும்."

பக்கத்தில் டெலித்தின் தங்கை நெஸ்டா ஓட்ட நம்பரைப் பனியனில் குத்திக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஓடப்போகும் முதல் ஓட்டம் இது. டெலித் இந்த ஓட்டத்தை ஆரம்பித்ததே அவளுக்காகத்தான்.

மைக்கில் டெலித்தைப் பேசக் கூப்பிட்டார்கள்.

"இதோ நிக்கிறாளே, இவ என் தங்கை நெஸ்டா. கர்ப்பப்பைக்குள்ள இருக்குற சவ்வு மாதிரி ஒண்ணு வெளியே வளர்ந்து, குடலோட ஒட்டி, மாசா மாசம் இவளைப் பிழிஞ்சு எடுத்துச்சு. ஒரு டாக்டர், 'பொம்பளைங்களுக்கு வர்ற வலிதானே, தாங்கிக்கோ'ன்னார். இன்னொருத்தர் மனசு சரியில்லன்னு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வயித்துல ஓட்டை போட்டு, கேமரா விட்டுப் பார்த்த அப்புறம்தான் நம்பினாங்க. வலிக்குதுன்னு ஒரு பொண்ணு சொன்னா, வயித்தைத் திறந்து காட்டினாத்தான் நம்புவீங்களா?"

கைதட்டல் ஓய நேரமாயிற்று. டெலித் பேசியதில் கொஞ்சமும் பொய் இல்லை. பத்து வருஷத்துக் கோபம் அது.

மேடையை விட்டு இறங்கும்போது போன் அடித்தது. அன்வென்தான்.

"மன்னிச்சிடுங்க டெலித். பாத்ரூம் தரையிலயே கிடக்குறேன். எழுந்திருக்க முடியல. பீரியட்ஸ்..."

"எல்லாருக்கும் வர்றதுதானே அன்வென். ரெண்டு மாத்திரையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பி வா. நடந்தாவது முடிச்சிடு."

"போட்டேன். உடனே வாந்தி வந்துடுச்சு."

"நீ ஒருத்தி வரலைன்னா எவ்வளவு நிதி போகும்னு தெரியுமில்ல? வருஷத்துல ஒரே ஒரு நாள், பல்லைக் கடிச்சுக்கக் கூடாதா?"

மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது. டெலித் போனை வைத்துவிட்டாள்.

"அழுது காட்டுறா. நேத்து சிரிச்சவளுக்கு இன்னைக்கு எழுந்திருக்க முடியலையாம்," என்றபடி திரும்பினாள்.

நெஸ்டா பனியனில் குத்தியிருந்த ஓட்ட நம்பரை, ஊக்கு ஊக்காகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே? இப்ப விசில் ஊதிடுவாங்க."

"அன்வென் வீடு எங்கன்னு ஹியூகிட்ட கேட்டுக்கிட்டேன். அங்க போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? இத்தனையும் உனக்காகத்தானே செய்யுறேன். உன்னை நம்பாம விரட்டின டாக்டருங்க அத்தனை பேருக்கும் புத்தி வரட்டும்னுதானே..."

நெஸ்டா அந்த நம்பரை அவள் கையில் வைத்தாள்.

"முதல்ல என்னை நம்பாதது டாக்டர் இல்ல, டெலித். நம்ம வீட்டுல, ஒரே ரூம்ல, பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த நீதான்."