இருபத்தேழு டிகிரி

மதியம் ஒன்று நாற்பது.

அவள் ஏசி வண்டியின் மஞ்சள் குழாய் வாயை விமானத்தின் வயிற்றில் பொருத்திப் பூட்டினாள்.

பயணிகள் ஏற இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. மற்றவர்கள் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் ஏசி வண்டியைக் கிளப்புவார்கள்.

அவள் இப்போதே கிளப்பினாள்.

திருச்சி வெயில். கான்கிரீட் தரை பூட்ஸைத் தாண்டிச் சுட்டது.

விமானம் தரையில் நிற்கும்போது ஓட வேண்டிய அதன் சொந்தக் குளிரூட்டி காலையிலேயே படுத்துவிட்டது. கிளம்பும்வரை நூற்றெண்பது பேருக்கும் குளிர்காற்று இவள் வண்டியிலிருந்துதான்.

மேற்பார்வையாளர் அருள்தாஸ் இறக்கையின் நிழலில் நின்றபடி சொன்னார்.

“உள்ள இருபத்தேழு டிகிரியைத் தாண்டட்டும், நாளைலேர்ந்து நீ பெட்டிக்குச் சீட்டு ஒட்டப் போயிரு. இந்த வண்டியெல்லாம் பொம்பளைங்களுக்கு ஒத்துவராதுன்னு அன்னைக்கே சொன்னேன்.”

அவள் இந்த வண்டிக்கு வந்து பன்னிரண்டு நாள். தேர்வில் முதலாவதாக வந்து வாங்கிய இடம்.



விமானத்தைக் கூட்டிப் பெருக்கப் படியேறிய பெண்ணைக் கூப்பிட்டு, மேற்குப் பக்க ஜன்னல் மூடிகளையெல்லாம் இறக்கிவிடச் சொன்னாள். யாரும் கற்றுத்தந்ததல்ல. தினமும் மதிய பஸ்ஸில் வெயில் பக்கம் உட்கார்ந்து வருகிறவளுக்குத் தெரிந்தது.

குழாயை நேராகக் கிடத்தினாள். ஒரு மடிப்பு விழுந்தால் பாதிக் காற்று போய்விடும்.

இரண்டு இருபது.

பயணிகள் முகம் சுளித்துக்கொண்டு படியேறினார்கள். கதவு திறந்தே கிடந்தது. ஒவ்வொருவரோடும் கொஞ்சம் வெயில் உள்ளே போனது.

அருள்தாஸின் வாக்கிடாக்கி சொன்னது: இருபத்து நான்கு.

பிறகு இருபத்தைந்து.

அப்போதுதான் பெட்டி வண்டி பின்னால் வந்து குழாயை நெருக்கியது. குழாய் நடுவில் மடிந்தது. வண்டியை நகர்த்த வழியில்லை. பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.

இருபத்தாறு.

அவள் மடிப்புக்கு அடியில் புகுந்தாள். தோள் கொடுத்துத் தூக்கினாள்.

நிமிர்ந்தாள்.

குழாய் மறுபடி உப்பியது.

பதினெட்டு நிமிடம்.

ஒரு காதருகே குளிர்காற்று இரைந்தது. மறு கன்னம் எரிந்தது. முதுகில் வழிந்தது குழாயின் ஈரமா வேர்வையா என்று தெரியவில்லை.

கைகொடுக்க வந்த லோடரிடம் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கடைசிப் பயணியும் ஏறியாயிற்று.

அருள்தாஸ் நிழலைவிட்டு வெளியே வந்தார். அவள் தோளைப் பார்த்தார். எண்ணைக் கேட்க வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

அதற்குள் படியின் மேலிருந்து விமானப் பணிப்பெண்ணின் குரல் வந்துவிட்டது.

“சார், உள்ள நாலஞ்சு பேரு சால்வைய எடுத்துப் போத்திக்கிட்டாங்க. ஏசியக் கொஞ்சம் குறைக்கச் சொல்றீங்களா?”