நான்காவது முறை விழுந்த கூடாரம்

முளைகள் பிடுங்கிக்கொள்ள, ஆற்றங்கரை மேட்டில் கூடாரம் நான்காவது முறையாக விழுந்தது. கொக்கு வாத்தியாருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. "முகாமுக்குப் போங்க, பிள்ளைகளோட கலந்து பழகுங்க" என்று தலைமையாசிரியர் எருமை சொல்லி அனுப்பிவிட்டார். கூடாரம் போடத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. இருபது பிள்ளைகளும் நனைந்தால் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?

"முளையை நேரா பிடிங்கடா! வகுப்பிலேயும் கோணல், இங்கேயும் கோணலா?" என்று கத்தினார்.

"நேரா அடிச்சா நிக்காது சார். சாய்ச்சு அடிக்கணும்" என்றாள் ஆட்டுக்குட்டி செம்பி.

"ஆமா, நீ பெரிய இன்ஜினியர்! பேசாம கயிற்றைப் பிடி."

ஐந்தாவது முறையும் விழுந்தது. துணிக்கு அடியில் மாட்டிக்கொண்ட முயல்குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. "சார், இன்னொரு தடவை சார்!"

வாத்தியாரின் எரிச்சலெல்லாம் செம்பி மேல் திரும்பியது. "வாரத்துல பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கே வராதவ நீ. முளையைப் பத்தி உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்லை சார். வீட்டுல என்னைக் கட்டிப்போட்டுட்டுப் போவாங்க. முளை நேரா இருந்தா இழுத்துப் பிடுங்கிட்டுப் பள்ளிக்கூடம் வந்துடுவேன். சாய்ச்சு அடிச்ச அன்னைக்கு எவ்வளவு இழுத்தாலும் வராது."

முதல் மழைத்துளி வாத்தியாரின் முதுகில் விழுந்தது. அவர் முளை அடிக்கும் கல்லை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குனிந்தார்.

"எந்தப் பக்கம் சாய்க்கணும்மா?"