ஒப்பனை நாற்காலியில் சார்ஜென்ட்

பர்பாங்க் ஸ்டுடியோவின் ஒப்பனை அறையில், கண்ணாடியைச் சுற்றி எரியும் பல்புகளுக்கு எதிரே லைல் ஹட்சென்ஸ் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். நீதிபதி, டாக்டர், பிணம் என்று எதைக் கொடுத்தாலும் நடித்து வந்த மனிதர், இந்தப் போலீஸ் தொடரில்தான் ஐந்து வருடமாக ஒரே சார்ஜென்ட் சட்டையைப் போடுகிறார். கடைவீதியில் எல்லோருக்கும் அவர் முகம் தெரியும், பெயர் தெரியாது. இந்த வாரம் கதையில் ஸ்டேஷன் ஆள் ஒருவரைச் சாகடிக்கப் போகிறார்கள் என்று காலையிலிருந்தே பேச்சு. யார் என்று கதை எழுதுகிறவர்கள் மூச்சு விடவில்லை.

"யாரும்மா அது? உன் காதுக்கு வராம இருக்குமா?"

"நான் பவுடர் போடறவ, என்னைக் கேட்டா? கண்ணை மூடுங்க." ரொசாரியோவின் தூரிகை அவர் கன்னத்தில் ஓடுகிறது. "நீங்க போயிட்டா அந்த ஸ்டேஷன்ல போனை எடுக்க ஆள் ஏது?"

அவர் சிரிக்கிறார். கையிலிருக்கும் காப்பிக் கோப்பையின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார். வெளியே விளக்குகளை ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று நெருங்கி, விலகிப் போகிறது. கதவு திறக்கிறது. தொடரின் நாயகன் டெரக். கேமரா ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவனுக்கு இவர் சார்ஜென்ட்தான். தினமும் முதுகில் பளாரென்று ஓர் அறை, "என்ன சார்ஜென்ட், இன்னும் சாகலையா நீ?" என்று ஒரு கிண்டல். லைல் முதுகை விறைத்துக்கொண்டு அந்த அறைக்காகக் காத்திருக்கிறார். அறை விழவில்லை. தோளில் ஒரு கை மெதுவாகப் படிகிறது.

"எப்படி இருக்கீங்க, லைல்?"

கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்த தூரிகை நின்றுவிடுகிறது.