கொஞ்சம்போல ஒரு ஊசி

மாமியார் ஊஞ்சலில் இருந்தார். நாத்தனார் மைமூன் ஜன்னலோர நாற்காலியில். தம்பி அஸ்லம், மறுநாள் தன்னோடு சவுதிக்கு, தம்மாமுக்குக் கொண்டுபோக வேண்டிய பெட்டி மூட மறுக்கிறது என்று அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தான். நடுவில் பாயில் ராஹிலா. அவளுக்கு நேர் எதிரே, முகத்துக்கு முகம், பதினேழு வயது மகள் இல்மா.

கணவர் அபுல் ஹஸனும் இருந்தார். தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த செல்போனுக்குள், தம்மாமில்.

"திங்கக்கெழம பத்து மணிக்கு புக் பண்ணியாச்சு. தூத்துக்குடியில, மில்லர்புரத்துல, நல்ல டாக்டராம். நெத்திச் சுருக்கத்துக்கு ஊசி, கொஞ்சம்போல டோஸ்தான். பயப்படாமப் போய்ப் போட்டுட்டு வா" என்றார்.

"இல்லங்க, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

"பாரு, பாரு, இப்பவும் நெத்தியச் சுருக்குத! எப்ப வீடியோவுல வந்தாலும் சண்டைக்கு வாரவ மாதிரியே இருக்க. சரி, ட்யூட்டிக்கு நேரமாச்சு."

திரை கருத்துப்போனது. எப்போதும் இப்படித்தான். ராஹிலாவின் முதல் பேச்சு முடிவதற்குள் அங்கே ட்யூட்டி வந்துவிடும்.

"ஒனக்கு என்னதான் தடுக்கு மச்சி?" என்றாள் மைமூன், தன் அண்ணனுக்குப் பரிந்து. "போன தடவ ரெண்டு மாச லீவுல வந்த காக்கா, இருவதே நாள்ல திரும்பிப் போனாவளே, மறந்துபோச்சா? இந்தத் தடவையும் அப்படிப் போனா ஊரு என்ன பேசும்?"

ராஹிலா மறக்கவில்லை. அந்த இருபது நாளும் அவர் அவள் முகத்தைப் பார்த்ததைவிட விமான டிக்கெட்டைப் பார்த்ததுதான் அதிகம். அடுத்த மாதம் மறுபடி வருகிறார். வேண்டாம் என்று சொல்லப் பயமாக இருந்தது. சரி என்று சொல்லவும் நாக்குப் புரளவில்லை.

"ஊசின்னா மூஞ்சி முழுக்கவா குத்துவாவ?" என்று கேட்டார் மாமியார்.

"நெத்தியிலயும் புருவத்துக்கு நடுவுலயும் மட்டுந்தான் உம்மா. மூணு மாசத்துக்கு அங்கன சுருங்காது. நாமளா சுருக்கினாலும் சரியாச் சுருங்காதாம்."

"அப்ப எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு. மூணு மாசம் இவள முறைக்காம இருப்பேன்ல்லா."

"மாமி, உங்களுக்கெல்லாம் கொஞ்சம்போல டோஸு காணாது. ட்ரம்முல வரவழைக்கணும்" என்றான் அஸ்லம். ஊஞ்சலிலிருந்து விசிறி பறந்து வந்தது.

ராஹிலாவும் சிரித்துப் பார்த்தாள், சிரிப்பு ஒட்டவில்லை. இல்மாவோ உம்மாவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"இந்தா, ஓம் மவளே நெத்திக் கோட்ட எண்ணிக்கிட்டு இருக்கா பாரு!" என்றாள் மைமூன்.

சொன்னதோடு விடவில்லை. பெட்டியில் முகவரி ஒட்ட வைத்திருந்த டேப்பில் ஒரு துண்டு கிழித்தாள். ராஹிலாவின் நெற்றித் தோலை மேலே இழுத்து, டேப்பை அழுத்தி ஒட்டி, கைக்கண்ணாடியை நீட்டினாள்.

"இப்பப் பாரு. பத்து வயசு போச்சு!"

கண்ணாடிக்குள் இருந்தவளை ராஹிலாவுக்கே பிடித்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில் இருக்கிற அதே நெற்றி. போட்டுத்தான் தொலைப்போமே என்றுகூடத் தோன்றியது.

அந்த முகத்தோடேயே மகள் பக்கம் திரும்பினாள். பெருவிரலை வாய்ப்பக்கம் சாய்த்து, புருவம் அசையாமலே, உனக்கு டீ வேணுமா என்று கேட்டாள்.

இல்மா விறுட்டென்று எழுந்து அடுக்களைக்குள் போனாள். ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு டம்ளர் டீயோடு வந்தாள். அதை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தாள்.

"ஊசி போடுமுன்னயே உபசாரம் பலமா இருக்கே லாத்தா! எங்களுக்கெல்லாம் டீ கெடையாதா?" என்று அக்காவைக் கேட்டான் அஸ்லம்.

ராஹிலா கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். கேட்டது உனக்கு வேணுமா என்று, மகளுக்குப் போய்ச் சேர்ந்தது எனக்கு வேணும் என்று. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டேப்பை உரித்தாள். புருவ முடி இரண்டு அதோடு வந்தது, அவளுக்கு உறைக்கவில்லை.

"அஸ்லம், செத்த இரு. அவங்களுக்கு ஒரு லெட்டர் தாரேன், கையோட கொண்டு போ."

"லெட்டரா?" மைமூன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸப் போட்டா முடிஞ்சிது."

"வாய்ஸ முழுசாக் கேக்க அவங்களுக்கு நேரமிருக்காது மைமூன். தாளுன்னா நடுவுல நிப்பாட்டிப் பேச முடியாதுல்லா."

பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி வலது மேல்மூலையில் ஊரும் தேதியும் போட்டாள். ஸலாம் எழுதினாள். நலம், நலமறிய ஆவல். அதன்பின் எண் போட்டுக்கொண்டாள். முதலாவது, உங்கள் பேச்சை இதுவரை நான் தட்டியதில்லை, இனியும் தட்ட மாட்டேன். இரண்டாவதை எழுதும்போது பேனா நாலைந்து தடவை நின்றது. மூன்றாவது என்று எண் போட்டாள். எழுத ஒன்றும் இல்லை. எண்ணை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

உறையின் வாயில் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, பெயர் எழுதித் தம்பியிடம் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பெட்டியைத் தூக்கினான். வாசல்படி வரை போனவன் திரும்பினான்.

"லாத்தா, மச்சான் இதையும் படிக்காமத் தூக்கி வச்சிட்டாவன்னா? வாயால நான் என்ன சொல்லட்டும்?"

ராஹிலா மகளைப் பார்த்தாள். குரல் தணிந்து வந்தது.

"காது கேக்காத பிள்ளைக்கு உம்மா குரலு இந்த நெத்தியிலதான் இருக்கு, அதையும் மூணு மாசம் நிப்பாட்டணுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."